பன்னிரண்டு மாதமும் தக்காளி

மனிதர்களுக்குத் திடீர்ப் பெருமை வருவதைப் பார்த்திருக்கிறோம். காய்கறிகளில் அத்தகைய திடீர்ப் பெருமை தக்காளிக்கு அடிக்கடி வருகிறது. 2023-ம் வருஷம் ஜூலை மாதத்தில் அந்தப் பழம் அடைந்த மகிமையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையில் அதன் விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டிற்று, 150-ஐயும் தாண்டிற்று, மாதக் கடைசியில் 200-ஐத் தொட்டுப் பார்த்தது. தமிழ்நாடு சர்க்கார் நியாய விலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க முன்வர வேண்டியதாயிற்று. தேசத்தில் காய்கறி விலைகள் முந்திய வருஷத்து ஜூலையைக் காட்டிலும் 37 சதவிகிதம் ஏறிவிட்டன என்று மத்திய சர்க்காரின் கணக்கே கூறிற்று. எத்தனையோ வீடுகளில் தக்காளி ரஸம் விருந்தாளி வந்தால் மட்டும் வைக்கிற பதார்த்தமாகிவிட்டது.

இரண்டு மாதம் சென்றது. செப்டம்பரில் அதே தக்காளி கேட்பாரற்றுக் கிடந்தது. பறிக்கிற கூலிக்கும் வண்டிச் சத்தத்துக்கும் கூடக் கட்டுப்படியாகாமல், சில இடங்களில் குடியானவர்கள் கூடை கூடையாகச் சாலையோரத்தில் கொட்டினார்கள். வாங்குகிறவன் அழுதது ஜூலையில். விளைத்தவன் அழுதது செப்டம்பரில்.

இந்த விசித்திரத்துக்குக் காரணம் என்ன? வியாபாரிகளின் பேராசை என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் காரணத்தின் பெரும் பகுதி ஒரு சின்னஞ்சிறு மஞ்சள் பூவுக்குள் ஒளிந்திருக்கிறது. அந்தப் பூவின் சுபாவத்தை அறிந்துகொண்டவர்கள் மொட்டை மாடியிலோ, கொல்லைப் புறத்திலோ ஏறக்குறைய வருஷம் முழுவதும் தக்காளி பறிக்கலாம். அறிந்துகொள்ளாதவர்கள் இரண்டு மாதம் பறித்துவிட்டு, "நமக்குக் கைராசி இல்லை" என்று தொட்டிகளைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள்.

சீமையிலிருந்து வந்த விருந்தாளி

தக்காளி என்ற பெயர் தமிழுக்குப் பழையது. இப்போது நாம் அப்பெயரால் குறிக்கும் பழந்தான் புதியது. மணத்தக்காளி முதலிய செடிகளுக்கு வழங்கி வந்த பெயரைக் கடல் கடந்து வந்த பழத்துக்கும் கொடுத்து, "சீமைத் தக்காளி" என்று அழைத்தார்கள் நம் முன்னோர்கள். காலக்கிரமத்தில் "சீமை" உதிர்ந்துவிட்டது; தக்காளி நிலைத்துவிட்டது.

இதன் காட்டுச் சாதி உறவினர்கள் தென் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், ஆண்டீஸ் மலைப் பிரதேசத்தில் இன்றும் இருக்கின்றனர். மெக்ஸிகோ தேசத்து மக்கள் அதை நல்ல பயிராக்கினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். பிறகு ஐரோப்பியர் மூலமாக அது நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது. கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் அதற்குத் தாயாதிகள்.

இந்தப் பூர்வோத்தரத்தை ஏன் சொல்ல வேண்டும் என்றால், நமது வெயில் அதற்குப் பிறந்த வீட்டு வெயில் அல்ல. பகலில் நல்ல சூரிய வெளிச்சம், இரவில் இதமான குளிர்ச்சி, இவ்விரண்டும் அதற்கு வேண்டும். முதலாவதை நாம் தாராளமாகக் கொடுக்கிறோம். இரண்டாவதைக் கொடுப்பதுதான் நம்மால் ஆகாத காரியம்.

பூவின் ரகசியம்

தக்காளிப் பூ தன் மகரந்தத்தைத் தன்னிடமே வைத்திருக்கிறது. ஆணும் பெண்ணும் ஒரே பூவில் இருப்பதால் காய் பிடிக்க வேறு செடியின் தயவு அதற்கு வேண்டியதில்லை. ஆனால் மகரந்தம் ஒரு சிறு குழாய்க்குள் அடைபட்டிருக்கிறது. காற்று அசைத்தாலோ, கருவண்டு வந்து ரீங்காரம் செய்து குலுக்கினாலோ அது உதிர்ந்து சூல்முடியில் படும். காற்றோட்டமில்லாத மாடி மூலையில் செடி வைத்திருப்பவர்கள் காலை வேளையில் பூங்கொத்தின் காம்பை விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பகல் உஷ்ணம் 35 டிகிரி செல்ஸியஸுக்கு மேலே போய், இரவிலும் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்காமல் நாட்கள் தொடர்ந்தால், மகரந்தம் வீரியம் இழந்துவிடுகிறது. சூல்முடி குழாய்க்கு வெளியே நீண்டுவிடுவதும் உண்டு. அப்புறம் மகரந்தம் அதன்மேல் எப்படிப் படும்? பூ நாலு நாள் காத்திருந்து, மஞ்சள் நிறம் மாறாமலே காம்போடு உதிர்ந்துவிடும். செடியோ பச்சைப் பசேலென்று இருக்கும். வீட்டுக்காரர் உரம் போதவில்லையென்று மேலும் உரம் போடுவார். செடி மேலும் தழைக்கும். காய் மட்டும் வராது.

சென்னையில் சித்திரை, வைகாசி மாதத்து இரவுகளில் உஷ்ணம் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் பல. கோயமுத்தூர், ஒசூர் முதலிய ஊர்களில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள். அங்கே இரவு சற்றே இரக்கம் காட்டுகிறது. அதிலும் மாடியின் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிக்கொண்ட உஷ்ணத்தை இரவெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறது. ஆகவே மாடித் தோட்டத்துத் தக்காளிக்குக் கோடையில் இரட்டைத் தண்டனை.

பூ பிடித்ததிலிருந்து பழம் பழுக்க ஆறு வாரம் ஆகும். ஆகையால் மே மாதத்தில் பூ உதிர்ந்தால், ஜூன் பிற்பாதியிலும் ஜூலையிலும் பழம் இராது. கோலாரிலும் மதனப்பள்ளியிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள வயல்களுக்குச் சென்னையைப் போன்ற புழுக்கம் இல்லாவிட்டாலும், கோடை கடுமையாகும் வருஷங்களில் அவற்றுக்கும் இதே சட்டந்தான். அதோடு இலைச்சுருள் நோயும், காலந்தவறிய மழையும், முந்திய பட்டத்தில் விலை கிடைக்காததால் குடியானவர்கள் சாகுபடியைக் குறைத்துவிட்டதும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டியதில்லை. ஜூலை மாதத்து விலைச் சீட்டு மே மாதத்துப் பூவிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

ஒரு செடியல்ல, ஒரு வரிசை

"வருஷம் முழுவதும் காய்க்கும் தக்காளிச் செடி வேண்டும்" என்று விதைக் கடையில் கேட்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட கற்பக விருட்சம் இல்லை. நாம் வழக்கமாக வளர்க்கும் குத்துச் செடி ஒன்றரை மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் நன்றாகக் காய்க்கும், பிறகு களைத்துவிடும். ஆகவே வருஷம் முழுவதும் காய்க்க வேண்டியது செடி அல்ல, செடிகளின் வரிசை. ஒன்று ஓயும்போது அடுத்தது பூத்து நிற்க வேண்டும்.

கணக்கு மிகவும் சுலபம். விதைத்த 25 முதல் 30 நாளில் நாற்றைப் பிடுங்கித் தொட்டியில் நடலாம். நட்ட ஒரு மாதத்தில் பூ. பூத்த ஐந்து, ஆறு வாரத்தில் பழம். மொத்தத்தில் விதைத்து மூன்று மாதத்தில் முதல் பறிப்பு. இந்தக் கணக்கின்படி சமவெளியில் இருக்கும் குடும்பங்கள் கீழ்க்கண்டவாறு விதைக்கலாம்.

ஆடிப் பட்டம் தேடி விதை என்ற பழமொழி தக்காளிக்கும் பொருந்தும். ஆடி முதலில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் பழம். இந்தச் செடிகள் காய்க்கும்போது வடகிழக்குப் பருவமழை கொட்டும். மேலே கண்ணாடித் தாள் பந்தல் போட்டுக் காப்பாற்ற வேண்டும்.

புரட்டாசி முதல் வாரத்தில் விதைத்தால் மார்கழி, தையில் பழம். பொங்கல் சமையலுக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

கார்த்திகை ஆரம்பத்தில் விதைத்தால் மாசி, பங்குனியில் பழம். இதுதான் ராஜ பட்டம். பூக்கிற காலம் தை மாதத்துக் குளிர்ந்த இரவுகளில் அமைவதால் ஏறக்குறைய ஒவ்வொரு பூவும் காயாகும்.

தை முதலில் விதைத்தால் சித்திரை, வைகாசியில் பழம். பங்குனி முடிவதற்குள் பிடித்த காய்கள்தாம் மிச்சம். பிறகு வரும் பூக்களை நம்ப வேண்டாம். கோடையில் பழுக்கும் பழம் சில சமயம் சிவக்காமல் ஆரஞ்சு வர்ணத்திலேயே நின்றுவிடும். உஷ்ணம் 30 டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு வர்ணம் சரியாக உண்டாவதில்லை, அதுவே காரணம். பழம் வெளுக்க ஆரம்பித்ததும் பறித்து வீட்டுக்குள் வைத்தால் நன்றாகச் சிவக்கும்.

சித்திரை முதலில் நிழலில் விதைத்து, நிழல் வலையின் கீழ் நட்டால், அக்கினி நட்சத்திரத்தின்போது செடி குழந்தைப் பருவத்தில் இருக்கும். ஆனியில் கோடை சற்றுத் தணியும்போது பூக்கும்; ஆடிக் கடைசியிலும் ஆவணியிலும் பழம் கொடுக்கும்.

நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்குக் கால் கிலோ தக்காளி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மாதத்துக்கு ஏறக்குறைய 11 கிலோ ஆகிறது. நன்றாகப் பராமரித்த தொட்டிச் செடி ஒன்றரைக் கிலோ கொடுக்குமானால், ஒரு பட்டத்துக்கு எட்டுச் செடி போதும். இரண்டு பட்டத்துச் செடிகள் ஒரே சமயத்தில் நிற்குமாதலால் இருபது தொட்டிகளுக்கு இடம் இருந்தால் திருப்திகரமாக நடக்கும். அவ்வளவு இடமில்லாதவர்கள் பட்டத்துக்கு நாலு செடி வைத்துப் பாதித் தேவையையாவது நிறைவேற்றிக் கொள்ளலாம்.

தொட்டியும் மண்ணும்

ஓர் அடி ஆழமும் ஓர் அடி அகலமும் உள்ள தொட்டி அல்லது பை வேண்டும். அடியில் ஜலம் வடியத் துவாரங்கள் இருக்க வேண்டும். செங்கல் இரண்டை வைத்து அதன்மேல் தொட்டியை வைத்தால் தளமும் ஊறாது, செடியின் வேரும் சுடாது. செம்மண், ஊற வைத்துக் கழுவிய தேங்காய் நார்க் கழிவு, மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கின சாணி எரு, மூன்றும் சம பங்கு; அதோடு ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு. தினம் ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடமாக இருப்பது அவசியம்.

நாற்றை நடும்போது தண்டில் பாதி மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நடுங்கள். புதைந்த தண்டிலும் வேர் விடுவது தக்காளியின் நல்ல குணங்களில் ஒன்று. ஓர் ஊன்றுகோல் நட்டுத் தளர்ச்சியாகக் கட்டிவிட வேண்டும். பதினைந்து நாளுக்கொரு தடவை ஒரு கைப்பிடி மண்புழு உரமும், பூ வந்த பிறகு சிறிது விறகுச் சாம்பலும் போதும்.

ஜலம் விடுவதிலேதான் பலர் தவறுகிறார்கள். இரண்டு நாள் மறந்துவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாகப் பாய்ச்சினால் பழம் வெடிக்கும். காயின் அடிப்பாகம் கறுத்து அழுகுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். சுண்ணாம்புச் சத்து ஜலத்தோடு சேர்ந்து காய்க்குப் போய்ச் சேர வேண்டும். ஜலம் ஒழுங்காக வராவிட்டால் மண்ணில் சத்து இருந்தும் காய்க்குக் கிட்டாது. தினம் காலையில் அளவாக, கோடையில் மாலையிலும் ஒரு தடவை, இலைமேல் படாமல் வேரில் ஊற்ற வேண்டும். மண்ணின்மேல் சருகு பரப்பி வைத்தால் ஈரம் காயாது.

ரகங்களில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியார் வெளியிட்ட பி.கே.எம். 1 தமிழ்நாட்டுக்கு நன்கு பழகியது. ஒட்டு ரகம் அல்லவாதலால் நல்ல பழத்திலிருந்து விதை எடுத்து மறுபடியும் விதைக்கலாம். விதையைச் சதையோடு ஒரு நாள் புளிக்க வைத்து, அலசி, நிழலில் உலர்த்தினால் போதும். பெங்களூரை அடுத்த ஹெஸரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தாரின் அர்க்கா ரக்ஷக் இலைச்சுருள், வாடல், இலைக்கருகல் ஆகிய மூன்று வியாதிகளையும் தாங்குவது. ஆனால் ஒட்டு ரகமாகையால் ஒவ்வொரு தடவையும் விதை வாங்க வேண்டும். கோலிக்குண்டு அளவில் காய்க்கும் சிறு தக்காளி உஷ்ணத்தைச் சற்று அதிகமாகவே பொறுத்துக்கொள்ளும். சித்திரை விதைப்புக்கு அதுவே தகுந்தது.

விரோதிகள்

முதல் விரோதி வெள்ளை ஈ. கண்ணுக்கு ஒரு தூசி போலத் தெரியும் இந்தப் பூச்சி இலைச்சுருள் நோயைச் செடிக்குச் செடி கொண்டுபோகிறது. நோய் கண்ட செடிக்கு மருந்து கிடையாது. தயவு தாட்சண்யமின்றிப் பிடுங்கி எறிய வேண்டும். நாற்றுப் பருவத்தில் நெருக்கமான கொசு வலையால் மூடி வைப்பது பெரிய பாதுகாப்பு. ஒரு லிட்டர் ஜலத்தில் ஐந்து மில்லி லிட்டர் வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலந்து வாரம் ஒரு தடவை மாலையில் இலைக்கு அடியில் தெளிக்கலாம்.

இரண்டாவது விரோதி காய்ப்புழு. அருகில் துலுக்கச் சாமந்தி நாலு செடி வைத்தால் தாய்ப் பூச்சி முட்டையிட அதை நாடிப் போகும். புழுக்களை அங்கேயே பொறுக்கி அழித்துவிடலாம். மூன்றாவது, மண்ணிலேயே குடியிருக்கும் வாடல் நோய். தக்காளி நின்ற மண்ணில் உடனே தக்காளியையோ, அதன் தாயாதிகளான கத்தரி மிளகாயையோ நடக் கூடாது. கீரையோ அவரையோ ஒரு போகம் போட்டு மண்ணுக்கு ஓய்வு கொடுங்கள்.

கிளையே நாற்று

வரிசை அறுந்துபோகாமல் இருப்பதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. படரும் ரகங்களில் இலைக் கணுவிலிருந்து கிளம்பும் பக்கக் கிளைகளை நாம் எப்படியும் கிள்ளி எறிகிறோம். எறியாமல், அரையடி நீளமுள்ள ஆரோக்கியமான கிளையை எடுத்து, பூமொட்டு இருந்தால் கிள்ளிவிட்டு, ஒரு டம்ளர் ஜலத்தில் நிழலில் வைத்தால் பத்து நாளில் வேர் விட்டுவிடும். அதை நட்டால் நாற்றங்கால் காலம் முழுவதும் மிச்சமாகிறது. தாய்ச் செடியைக் காட்டிலும் சீக்கிரம் பூக்கிறது. தைப் பட்டத்துச் செடிகள் ஓயும் சமயம், வைகாசிக் கடைசியில் இப்படி நாலு கிளைகளை எடுத்து வைத்தால், ஆவணி, புரட்டாசிக்குப் பழம் ஆகும். நோயுள்ள செடியிலிருந்து மட்டும் கிளை எடுக்கக் கூடாது. வியாதியும் கூடவே குடி புகுந்துவிடும்.

ஆனி மாதம்

கணக்கைக் கூட்டிப் பார்த்த வாசகர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஆனி மாதம் மட்டும் காலியாக இருக்கிறது. இதை மறைப்பது உசிதமல்ல. நிழல் வலை கட்டி, தொட்டிகளைக் காலை வெயில் மட்டும் படும் கீழ்ப்புறச் சுவரோரம் இறக்கி, மாலையில் தளத்தில் ஜலம் தெளித்துக் குளிரச் செய்தால், சில பூக்கள் பிடிக்கலாம். கைப்பிடியளவு சிறு தக்காளி கிடைக்கலாம். மாடித் தொட்டியில் பங்குனி மாதத்துச் செழிப்பை ஆனியில் எதிர்பார்ப்பது மட்டும் வீண்.

அதற்குப் பரிகாரம் மாசி, பங்குனியிலேயே செய்துகொள்ள வேண்டியது. அப்போது நம் தொட்டியிலும் பழம் குவியும், கடையிலும் மலிவாகக் கிடைக்கும். பழத்தைப் பாதியாக நறுக்கி, உப்புத் தூவி, தட்டில் பரப்பி, மெல்லிய துணியால் மூடி, நல்ல வெயிலில் நாலைந்து நாள் காய வைத்தால் தக்காளி வற்றல் தயார். சலசலவென்று உலர்ந்த பிறகு காற்றுப் புகாத ஜாடியில் வைத்தால் ஆனி மாதத்து ரஸத்துக்கும் சாம்பாருக்கும் கவலையில்லை. பூவைக் கெடுக்கிற அதே வெயில் பழத்தைக் காப்பாற்றித் தருகிறது! மிஞ்சியதைத் தொக்காகக் கிளறி வைக்கலாம் என்பதை நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தொட்டி கற்பிக்கும் பாடம்

இருபது தொட்டியில் தக்காளி வளர்ப்பதால் குடும்பத்துக்குச் சில நூறு ரூபாய் மிச்சமாகலாம். காலையில் செடியிலிருந்து பறித்த பழத்தின் ருசிக்கு விலையே இல்லை. தூர தேசத்துக்கு லாரியில் அனுப்புவதற்காகக் காயாகவே பறித்த பழத்துக்கு அந்த மணம் எங்கிருந்து வரும்? ஆனால் இவற்றைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது.

வைகாசி மாதத்தில் தம் தொட்டியில் பூக்கள் ஒவ்வொன்றாக உதிர்வதைப் பார்த்த குடும்பத்தார், ஜூலை மாதத்தில் விலை ஏறும்போது அதன் காரணத்தை அறிவார்கள். எட்டுச் செடி பொய்த்தால் நமக்கு வருத்தம்; கடன் வாங்கி நட்ட எட்டாயிரம் செடி பொய்த்தவனுக்கு என்னவாக இருக்கும் என்று யோசிப்பார்கள். மாசியில் விலை சரிந்து, கூடைக்காரி கிலோ பத்து ரூபாய்க்குக் கூவி விற்கும்போது, எட்டு ரூபாய்க்குக் கேட்டுப் பேரம் பேச வாய் வராது. சொன்ன விலையைக் கொடுத்து இரண்டு கிலோ அதிகமாகவே வாங்கி, நாலு நாள் வெயிலில் வற்றல் போட்டு வைப்பார்கள். அவளுக்கு அன்றைய விற்பனை ஆயிற்று. நமக்கு ஆனி மாதம் கழிந்தது.